விண்கலத்தில் வந்த சமாதானம்

வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்குத் தெற்கே உள்ள திறந்தவெளித் திடலில், பட்டப்பகலில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. சிதறி ஓடிய கூட்டம் ஆர்வம் தாங்காமல் திரும்பி வந்து தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறது. ராணுவம் டாங்கிகளோடு சூழ்ந்துகொள்கிறது. இணைப்பே தெரியாத அந்த உலோகத்தில் ஒரு வாசல் திறக்கிறது. வெள்ளி நிற உடையில் ஒருவர் வெளியே வருகிறார். சமாதானமாக வந்திருக்கிறோம் என்று சொல்லி, உடைக்குள்ளிருந்து ஒரு கருவியை எடுத்து நீட்டுகிறார். அது பட்டென்று விரிய, மிரண்டுபோன ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். வந்தவர் விழுகிறார், கருவி நொறுங்குகிறது. அவர் எழுந்து அதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு, இதைக் கொண்டு அவர் மற்றக் கிரகங்களின் வாழ்க்கையை ஆராய்ந்திருக்கலாம் என்கிறார். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஓர் ஆசிரியரின் சலிப்புதான் இருக்கிறது.

1951 செப்டம்பரில் வெளியான 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்குள் இது நடந்துவிடுகிறது. 'பூமி அசையாமல் நின்ற நாள்' என்று தமிழில் சொல்லலாம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ஜூலியன் பிளவ்ஸ்டீன் தயாரித்தார். ராபர்ட் வைஸ் இயக்கினார். பின்னாளில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யையும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கையும் எடுத்த அதே வைஸ்தான். விண்ணிலிருந்து வந்த கிளாட்டுவாக மைக்கேல் ரென்னி நடித்தார். கிளாட்டுவோடு வரும் கோர்ட் என்ற ரோபோவின் கூட்டுக்குள் ஏழடிக்கு மேல் உயரமான லாக் மார்ட்டின் இருந்தார். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் வாயில்காப்பாளராக வேலை பார்த்தவர். பெர்னார்ட் ஹெர்மன் தொடாமலே இசைக்கும் தெரமின் கருவிகள் இரண்டை வைத்து அமைத்த பின்னணி இசை, அதற்குப் பின் வந்த விண்வெளிப் படங்களுக்கெல்லாம் பேய்ச் சத்தத்தின் இலக்கணமாகிவிட்டது.

இந்தப் படத்தைக் கிறிஸ்தவக் கண்கொண்டு பார்ப்பது புதிய முயற்சி அல்ல. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் தருவார்கள். ஆஸ்பத்திரிக் காவலிலிருந்து தப்பும் கிளாட்டு யாரோ ஒரு மேஜரின் உடையை எடுத்து அணிந்துகொள்கிறார். சலவை அடையாளத்தில் இருக்கும் பெயர் கார்ப்பென்டர், அதாவது தச்சர். அந்தப் பெயரோடு ஒரு விடுதியில் அறை எடுத்து எளியவர்களோடு தங்குகிறார். சிறுவனொருவன் அவரோடு ஒட்டிக்கொள்கிறான். ஆட்சியாளர்கள் அவர் பேச்சைக் கேட்க ஒன்றுகூட மறுக்கிறார்கள். புகழுக்கு ஆசைப்பட்ட ஒருவன் அவரைக் காட்டிக்கொடுக்கிறான். அவர் கொல்லப்படுகிறார், உயிர் பெறுகிறார், கூடியிருந்தவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வானத்துக்கு ஏறிப் போகிறார்.

பட்டியல் சரிதான். திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த் அதை மறைக்கவுமில்லை. அது தன்னுடைய அந்தரங்க வேடிக்கை, தயாரிப்பாளரிடமும் இயக்குநரிடமும்கூட அதைப் பற்றிப் பேசவில்லை, பார்வையாளர் மனத்தின் அடியில் அது சத்தமில்லாமல் தங்கிவிட வேண்டும் என்றே விரும்பினேன் என்ற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வைஸோ, மற்றவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே தனக்குத் தெரிந்தது என்றார். எடுத்த இயக்குநருக்கே தெரியாமல் படத்துக்குள் ஒரு சுவிசேஷம் ஒளிந்திருந்தது என்பது சுவையான கதைதான். ஆனால் இந்தப் பட்டியல் வாசிப்பில் எனக்கு ஓர் அலுப்பு உண்டு. மேலிருந்து ஒருவர் வந்தார், நல்லது செய்தார், செத்தார், எழுந்தார் என்ற வலையை வீசினால் சூப்பர்மேனும் விழுவார், ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி.யும் விழும். சம்பவங்கள் ஒத்துப்போவதைக் காட்டிவிட்டு அதையே இறையியல் என்று நம்பிக்கொள்கிறோம். வந்தவர் எதைக் கொண்டுவந்தார் என்பதை யாரும் நின்று கேட்பதில்லை.

அதைக் கேட்குமுன், உயிர்த்தெழுதல் காட்சியில் நடந்த ஒரு சின்னத் தலையீட்டைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஹாலிவுட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை அலுவலகத்தின் தலைவர் ஜோசப் பிரீன், கத்தோலிக்கர். செத்தவரை ஒரு ரோபோ இயந்திரத்தில் கிடத்தி எழுப்புவது அந்த அலுவலகத்துக்குச் சரிப்படவில்லை. உயிர் கொடுக்கும் அதிகாரம் கடவுளுக்கு உரியது அல்லவா? எனவே வசனம் ஒன்று நுழைக்கப்பட்டது. சாவின்மேலும் வாழ்வின்மேலும் ரோபோவுக்கு அதிகாரம் உண்டா என்று கதாநாயகி வியந்து கேட்க, இல்லை, அது சர்வவல்ல ஆவிக்கு மட்டுமே உரியது, இந்த முறையால் சிலருக்குச் சில காலத்துக்கு உயிரைத் திருப்பித் தரலாம், எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் கிளாட்டு.

படைப்பில் மூக்கை நுழைத்த தணிக்கை என்று இதைச் சினிமா வரலாற்று ஆசிரியர்கள் குறைசொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதாகமத்தில் இரண்டு வகை எழுதல்கள் உண்டு. பெத்தானியாவில் நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரு எழுந்தான். ஆனால் இன்னொரு நாள் மறுபடி சாகத்தான் எழுந்தான். இயேசுவின் உயிர்த்தெழுதலைப் பற்றித் திருச்சபை சொல்வது வேறு: அவர் இனிச் சாவதில்லை, மரணமே அங்கே தோற்றது. பிரீனின் அலுவலகம் வற்புறுத்திச் சேர்த்த வசனம், நார்த் ஒளித்துவைத்த கிறிஸ்துவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாசருவை வைத்துவிட்டது. கிளாட்டு கடனாகக் கிடைத்த உயிரோடு விண்கலத்தில் ஏறிப் போகிறார். தணிக்கைக்காரர்கள் பக்தியின் காரணமாகச் செய்தது, படத்தை அதன் எழுத்தாளரைவிட நேர்மையாக்கிவிட்டது.

வேற்றுலகத்தவர் இருந்தால் கிறிஸ்து என்னாவார் என்ற கேள்வி சினிமாவுக்கு வெகுகாலம் முந்தியது. 1277-இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே 219 கூற்றுகளைக் கண்டித்துத் தடைசெய்தார். கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. அரிஸ்டாட்டிலின் பெயரால் கடவுளின் கையைக் கட்டாதீர்கள் என்பதுதான் அந்தக் கண்டனத்தின் சாரம். 1440-இல் குசாவின் நிக்கோலாஸ் மற்ற விண்மீன்களிலும் வாழ்வோர் இருக்கலாம் என்று எழுதினார். சில ஆண்டுகளில் அவருக்குக் கர்தினால் பதவியே கிடைத்தது. அதே நூற்றாண்டின் பிரான்சிஸ்கன் துறவி கியோம் தெ வோரூயோன் ஒருபடி மேலே போய், இந்தப் பூமியில் நடந்த சிலுவை மரணம் வேறோர் உலகத்தாரையும் மீட்க வல்லதா என்று கேட்டார். வல்லது, ஆனால் கிறிஸ்து அங்கேயும் போய்ச் சாவது பொருத்தமல்ல என்பது அவர் விடை.

1794-இல் தாமஸ் பெய்ன் இதையே கத்தியாக்கினார். எண்ணற்ற உலகங்களை நம்புகிறவன் கிறிஸ்தவத்தையும் சேர்த்து நம்ப முடியாது. நம்பினால் கடவுளின் குமாரன் உலகம் உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று கேலி செய்தார். இப்படிப்பட்ட ஏளனங்களுக்கு கிளாஸ்கோவின் தாமஸ் சாமர்ஸ் தம் பிரசங்கங்களில் மறுமொழி தேடினார். 1817-இல் நூலாக வந்தபோது மக்கள் அதை நாவல்போல வாங்கிப் படித்தார்கள். தொலைநோக்கி மனிதனைச் சிறுக்க வைத்த அதே காலத்தில் நுண்ணோக்கி வந்து ஒரு துளி நீரிலும் கடவுளின் அக்கறையைக் காட்டவில்லையா என்பது அவருடைய அழகான வாதம்.

இந்த வரிசையில் நம் படத்துக்கு மிக அருகில் நிற்பவர் சி.எஸ். லூயிஸ். 1938-இல் வெளிவந்த அவருடைய 'அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்' நாவலில் செவ்வாய்க் கிரகத்து இனங்கள் மூன்றும் பாவத்தில் விழாதவை. பூமி மட்டும்தான் கலகம் செய்த ஆளுகையின்கீழ் மற்றவற்றோடு பேச்சற்றுத் தனித்துக் கிடக்கிறது. 1958-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், விண்வெளியின் பயங்கரத் தூரங்கள் நோய்த்தொற்று பரவாமலிருக்கக் கடவுள் போட்ட தடுப்பாக இருக்கலாம் என்றார். விழுந்துபோன ஓர் இனத்தின் ஆன்மிக நோய் மற்ற உலகங்களுக்குப் பரவக்கூடாது என்பதற்காகவாம். கிளாட்டுவும் அதே பயத்தோடுதான் வருகிறார். அணுசக்தியும் ராக்கெட்டும் கையில் கிடைத்த மனிதர்கள் தங்கள் சண்டையை விண்வெளிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்துக் கிரகங்கள் அஞ்சுகின்றன. தூரம் இனித் தடுப்பாக உதவாது என்பதால் தடுப்பூசி போட ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு முக்கியமான வேற்றுமை இருக்கிறது. கிளாட்டுவின் மக்கள் லூயிஸின் செவ்வாய்வாசிகளைப்போலப் பாவமறியாதவர்கள் அல்லர். படம் முடியும் தறுவாயில் அவரே ஒத்துக்கொள்கிறார்: நாங்கள் நிறைவை எட்டிவிட்டதாகச் சொல்லவில்லை, எங்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது, அது வேலை செய்கிறது என்கிறார். ஏற்பாடு என்ன? கோர்ட்டைப் போன்ற ரோபோ இனம் ஒன்றை உருவாக்கி, வன்முறையைத் தண்டிக்கும் முழு அதிகாரத்தையும் அவற்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த அதிகாரத்தை அவர்களாலேயே திரும்பப் பெற முடியாது. ஆக, விண்வெளியிலும் இருதயம் மாறவில்லை. மேலே காவல் மட்டும் பலமாக இருக்கிறது. ஒரு பொழுதுபோக்குப் படத்தில் ஆதிப்பாவத்தை இத்தனை அப்பட்டமாக, அதுவும் நட்சத்திர அளவுக்கு விரித்துச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கிளாட்டுவின் கடைசிப் பேச்சை மறுபடி கேட்டால் இன்னொன்றும் உறைக்கும். உங்கள் கிரகத்தை நீங்கள் எப்படி நடத்திக்கொண்டாலும் எங்களுக்கு அக்கறையில்லை, வன்முறையை வெளியே கொண்டுவந்தால் இந்தப் பூமி சாம்பலாகும் என்கிறார். அதாவது, ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர் சிறுவன் பாபியோடு நின்று பார்த்த வரிசை வரிசையான கற்கள் இன்னும் பெருகலாம். பாபியின் அப்பா இத்தாலியின் ஆன்சியோவில் போரில் செத்தவர். அங்கே கிளாட்டு திகைத்துத்தான் நின்றார். ஆனால் அவரை அனுப்பியவர்களின் கொள்கையில் அந்தத் திகைப்புக்கு இடமில்லை. என் சகோதரனுக்கு நான் காவலாளியோ என்று காயீன் கேட்டான் அல்லவா, விண்வெளிக் கூட்டமைப்பும் அதையேதான், மரியாதையான மொழியில் கேட்கிறது.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. 1950 ஜனவரியில் ஹைட்ரஜன் குண்டு தயாரிக்கும் முடிவை ட்ரூமன் அறிவித்தார். ஜூனில் கொரியப் போர் வெடித்தது. உலக அரசாங்கம் ஒன்றே வழி என்று ஐன்ஸ்டைன் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் சாம் ஜாஃபி நடிக்கும் பேராசிரியர் பார்ன்ஹார்ட்டின் கலைந்த தலைமுடியைப் பார்த்ததுமே அது யார் என்று எவருக்கும் விளங்கும். அதற்கு முன்பே, 1946 ஜூனில், பெர்னார்ட் பரூக் ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்காவின் அணுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை வைத்தார். உயிருள்ளோருக்கும் மரித்தோருக்கும் இடையே தேர்ந்துகொள்ளும் நேரம் இது என்று வேதாகமத் தொனியிலேயே தொடங்கினார். மீறுகிற நாட்டுக்கு உடனடித் தண்டனை, அதைத் தடுக்க எந்த வல்லரசுக்கும் வீட்டோ கிடையாது என்பது திட்டத்தின் நடுநரம்பு. சோவியத் ஏற்கவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து அது எட்டடி உலோக உருவமாக வாஷிங்டனில் வந்து நின்றது என்று சொன்னால் தவறில்லை. கோர்ட், வீட்டோ இல்லாத தண்டனைதான். வலுவான ஐக்கிய நாடுகள் சபை தேவை என்று சொல்லவே படத்தை எடுத்ததாகப் பிளவ்ஸ்டீனும் சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்களில் அமெரிக்கத் திருச்சபைகளும் வாய்மூடி இருக்கவில்லை. 1946-இலேயே ஃபெடரல் சர்ச் கவுன்சில் அமைத்த இறையியலாளர் குழு, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தம் நாடு செய்ததற்கு அறநெறி நியாயம் இல்லை என்று அறிக்கை தந்தது. அதில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் ரைன்ஹோல்ட் நீபர். அவரே 1949-இல் 'உலக அரசாங்கம் என்னும் மாயை' என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். அரசாங்கம் ஒரு சமூகத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே ஓரளவு சமூகமாகியிருப்பவர்களுக்கே அரசாங்கம் அமையும் என்றார். எல்லாரும் அழிந்துபோவோம் என்ற பொதுவான பயம் மனிதர்களைச் சேர்த்துக் கட்டப் போதாது, கண்ணெதிரே நிற்கும் எதிரியைப் பற்றிய பயம் அதைவிட வலுவானது என்றார். கிளாட்டுவின் பேச்சுக்கு இரண்டு ஆண்டு முந்தியே எழுதப்பட்ட பதில் இது. படத்தில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் பார்லி அம்மாள் அந்த விண்கலம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தரும் விளக்கம் நினைவிருக்கிறதா? அது வேறு கிரகத்திலிருந்து வந்ததே அல்லவாம்; எங்கிருந்து என்று உங்களுக்குத் தெரியாதா என்று கண்ணைச் சிமிட்டாத குறையாக ரஷ்யாவைக் காட்டுவார். தியேட்டரில் எல்லாரும் சிரிப்பார்கள். நீபர் சொன்னது அதுதான்.

நீபருக்குப் பின்னால் அகஸ்டின் நிற்கிறார். 'கடவுளின் நகரம்' நூலில் சமாதானத்தைப் பற்றி அவர் எழுதும் பகுதி இந்தப் படத்துக்காகவே எழுதியதோ எனத் தோன்றும். கொள்ளைக்கூட்டத்துக்கும் ஒரு சமாதானம் தேவைப்படுகிறது, யுத்தம் செய்கிறவனும் தனக்கு வசதியான சமாதானத்தைத்தான் தேடுகிறான் என்கிறார். பூமிக்குரிய அந்தச் சமாதானத்தை அவர் வெறுக்கவில்லை. வாள் ஏந்திய அதிகாரம் கெட்டதை அடக்குகிறது, அது இல்லாவிட்டால் நிலைமை மோசமாகும், கிறிஸ்தவனும் அதன் நிழலில்தான் வாழ்கிறான். ஆனால் அதை மீட்பு என்று அழைக்க அவர் சம்மதிக்கமாட்டார். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பேசும் பட்டயம் தண்டிக்கும். புதிய இருதயத்தைத் தராது. கோர்ட் அந்தப் பட்டயத்தின் உருவம். கிளாட்டு கொண்டுவந்தது நியாயப்பிரமாணம், கிருபை அல்ல. கெத்செமனேயில் கைதாகும்போது, கேட்டால் பன்னிரண்டு லேகியோனுக்கும் அதிகமான தூதர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே போனவரின் சாயலை, லேகியோனைக் கூடவே கூட்டிவந்தவரிடம் எப்படித் தேடுவது?

எல்லாம் சொல்லியும், இந்தப் படத்தில் ஒரு காட்சி மட்டும் என் வாதத்துக்குள் அடங்குவதில்லை. பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாபியின் தாய் ஹெலன் பென்சன், போரில் கணவனை இழந்து அலுவலக வேலை பார்க்கும் பெண். பட்ரீஷியா நீல் நடித்தார். உலகமெங்கும் மின்சாரம் அரைமணி நேரம் நின்றுபோகும்போது ஹெலனும் கிளாட்டுவும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். (அந்த நிறுத்தமே கவனிக்கத்தக்கது. நியூயார்க்கைத் தரைமட்டமாக்கலாமா, ஜிப்ரால்டர் பாறையை மூழ்கடிக்கலாமா என்று முதலில் யோசித்த கிளாட்டு, அழிவில்லாத ஓர் அடையாளம் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டதால் இதைச் செய்கிறார். ஆஸ்பத்திரிகளையும் பறந்துகொண்டிருந்த விமானங்களையும் விட்டுவைக்கிறார்.) பிறகு ராணுவம் துரத்த, இருவரும் டாக்சியில் ஓடுகிறார்கள். அப்போது கிளாட்டு, எனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் கோர்ட்டிடம் போய் இந்த மூன்று சொற்களைச் சொல் என்று தம் மொழியில் சொல்லிக் கொடுத்துத் திரும்பச் சொல்ல வைக்கிறார். தாம் இல்லையென்றால் அந்த ரோபோ பூமியையே அழித்துவிடக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். சில நிமிடங்களில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

ஹெலன் இருட்டில் திடலுக்கு ஓடுகிறாள். ரோபோ தன்னைச் சுற்றி ராணுவம் வார்த்துவைத்த பிளாஸ்டிக் பாளத்தை உருக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு காவலர்கள் அதன் பார்வைக் கதிரில் காணாமற்போகிறார்கள். அது அவளை நோக்கித் திரும்பி நடக்க, பின்வாங்கியவள் கால் இடறி விழுகிறாள். முகக்கவசம் மெல்ல மேலேறுகிறது. வாய் உலர்ந்துபோய், தனக்குப் புரியாத அந்தச் சொற்களைத் திணறிச் சொல்கிறாள். கவசம் மூடுகிறது.

பழைய ஏற்பாட்டில் இதற்கு ஒப்பான காட்சி ஒன்று உண்டு. நாபாலின் வீட்டாரை அழிக்க நானூறு பேரோடு புறப்பட்டு வரும் தாவீதின் எதிரே கழுதைமேல் ஏறி வந்து, இறங்கி விழுந்து, இரத்தப்பழி வேண்டாம் என்று மன்றாடிய அபிகாயில். ஹெலன் அபிகாயிலின் மகள். ஆனால் ஒரு விஷயத்தில் அபிகாயிலையும் தாண்டிப் போகிறது இந்தக் காட்சி. ஹெலன் கொண்டுபோனது தன்னுடைய மன்றாட்டு அல்ல. கொல்லப்பட்டவரே, கொல்லப்படுவதற்கு முன், தன் சாவுக்காகப் பழி வாங்க வேண்டாம் என்று கொடுத்தனுப்பிய கட்டளை அது. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கடவுளை நோக்கிக் கூப்பிட்டது என்கிறது ஆதியாகமம். அதைவிட நன்மையானதைப் பேசும் இரத்தம் ஒன்று உண்டு என்கிறது எபிரெயர் நிருபம். கிறிஸ்துவின் சாயல் இந்தப் படத்தில் எங்காவது உண்மையாகவே விழுந்திருக்கிறது என்றால், அது சலவை அடையாளத்திலும் இல்லை, உயிர்தரும் இயந்திரத்திலும் இல்லை. பழியை நிறுத்தும் அந்தச் சொல் அவருடைய வாயிலிருந்து ஒரு கைம்பெண்ணின் வாய்க்குப் போன டாக்சிப் பயணத்தில் இருக்கிறது. நார்த் இதைத் திட்டமிட்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையுமில்லை.

வருத்தம் என்னவென்றால், படம் தன் கையில் கிடைத்ததைத் தானே கீழே போட்டுவிடுகிறது. உயிர்பெற்று எழுந்த கிளாட்டு விண்கலத்தின் விளிம்பில் நின்று அறிவாளிகளின் கூட்டத்துக்குச் சொல்வது, தன்னைக் கொன்றவர்களைப் பற்றியோ தடுக்கப்பட்ட பழியைப் பற்றியோ அல்ல. எங்களோடு சேர்ந்து சமாதானமாக வாழுங்கள், இல்லாவிட்டால் அழிவுதான் என்கிறார். வானவில்லை வைத்து இனி அழிக்கமாட்டேன் என்று நோவாவிடம் சொன்ன கடவுளின் வாக்கு இங்கே தலைகீழாகிறது. படம் எங்கிருந்து பிறந்ததோ அந்தக் கதையை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. ஹாரி பேட்ஸ் 1940 அக்டோபரில் 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்' இதழில் எழுதிய கதையில் கிளாட்டு வந்திறங்கிய உடனே ஒரு பைத்தியக்காரனால் கொல்லப்படுகிறார். ரோபோவே அங்கே முக்கியம். கிளாட்டு எஜமானன், ரோபோ ஊழியன் என்று நம்பியிருந்த வாசகனுக்குக் கடைசியில் உண்மை அப்படியல்ல என்று தெரிகிறது, எஜமானன் ரோபோதான். படத்தில் அந்த முடிவை நேரே வைக்கவில்லை. ஆனால் கடைசிப் பேச்சில் திறக்கிற கதவின் பின்னால் அதே எஜமானன்தான் நிற்கிறான்.

அதே தசாப்தத்தில் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தை, கிறிஸ்தவர்கள் அதிகம் விரும்பிப் பேசுவார்கள். ஜார்ஜ் பால் தயாரித்து பைரன் ஹாஸ்கின் இயக்கி 1953-இல் வெளியானது. வேதாகமத்தை உயர்த்திப் பிடித்தபடி செவ்வாய்க்காரர்களை நோக்கி நடந்து சாகும் போதகர் அதில் உண்டு. கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் தேவாலயத்தில் கூடி ஜெபிக்கும்போது எதிரிகள் கிருமிகளால் மடிவார்கள். எச்.ஜி. வெல்ஸின் 1898 நாவலில் மதகுருவைக் கோழையாகக் காட்டியிருந்ததால், ஹாலிவுட் கடவுளை உள்ளே புகுத்திவிட்டது என்று சொல்வோர் உண்டு. ஆனால் கிருமிகளைக் கடவுளின் ஞானத்தோடு முடிச்சுப்போட்டவர் வெல்ஸேதான். சாமர்ஸின் நுண்ணோக்கி கேட்டால் புன்னகைக்கும். எனக்கு அந்தப் படத்தின் பக்தி கொஞ்சம் சுலபமாகத் தெரிகிறது. அங்கே கடவுள் நம் பக்கம். செவ்வாய்க்காரர்களும் படைப்பே என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. வத்திக்கான் வானாய்வகத்தின் அப்போதைய இயக்குநர் ஹோசே ஃபூனெஸ் 2008-இல் ஒரு பேட்டியில் வேற்றுலகத்தவரையும் சகோதரர் என்று அழைக்கலாம் என்றார். அவர்கள் பாவத்தில் விழாதவர்களாக இருக்கலாம், காணாமற்போன ஆடு நாமாகவே இருக்கலாம் என்றும் சொன்னார். 1951 படத்தில் கிளாட்டுவை முதன்முதலில் அப்படி நடத்தியவன் ஒரே ஒருவன்: வைரம் இரண்டை வாங்கிக்கொண்டு இரண்டு டாலர் தந்து, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பாபி.

ஃபூனெஸ் பேசிய அதே 2008-இல் படம் மறுபடியும் எடுக்கப்பட்டது. கியானு ரீவ்ஸ் கிளாட்டு. இயக்குநர் ஸ்காட் டெரிக்சன், தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்பவர். இந்த முறை குற்றம் அணுகுண்டு அல்ல, பூமியையே சீரழிப்பது. உயிரினங்களைச் சேகரித்துச் செல்லும் ஒளிக்கோளங்கள் நோவாவின் பேழைகளாகின்றன. அழிவைத் தொடங்கிவைத்த கிளாட்டு, கல்லறை ஒன்றின் அருகே ஹெலனும் அவளுடைய வளர்ப்பு மகனும் அழுவதைக் கண்டு மனம் மாறுகிறார். சூறைபோல வரும் நுண்ணிய உலோகப் பூச்சிகளின் ஊடே தன் உடல் சிதைய நடந்துபோய் அழிவை நிறுத்துகிறார். இங்கே தண்டனைக்கும் மன்னிப்புக்கும் நடுவே கிளாட்டு தம் உடலையே கொடுக்கிறார். 1951 படம் தவறவிட்ட முடிவை இது சரியாகப் பிடித்திருக்கிறது. இருந்தும் படம் நெஞ்சில் ஒட்டவில்லை. மன்றாட ஹெலனுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, நாங்கள் மாறுவோம் என்பது. அதைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எப்படி மாறுவோம் என்று அவளும் சொல்வதில்லை, கிளாட்டுவும் கேட்பதில்லை. பழைய ஹெலன் எதையும் வாக்களிக்கவில்லை. அவளிடம் இருந்தது இன்னொருவர் கொடுத்துவிட்டுப் போன மூன்று சொற்கள் மட்டும்.